சென்னையைச் சுற்றி ஊர்ச்சாலையிலும் ஏரிக்கரையிலும் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈ.சி.ஆரில் காலை ஐந்தரைக்கு வரிசையாகப் போகும் சைக்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாலையை விட்டு இறங்கி, பெயர் தெரியாத ஊர்ச்சாலைகளிலும் கிராவல் (சரளை மண்) பாதைகளிலும் ஏரிக்கரைகளிலும் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதியிருக்கிறோம்.

முதன்முறையாகப் போகிறேன். எந்தப் பக்கம் தொடங்கலாம்?

ஜி.எஸ்.டி. சாலைக்கும் ஓ.எம்.ஆருக்கும் நடுவில் உள்ள பகுதிதான் பழகுவதற்கு ஏற்றது. இரண்டும் ஏறக்குறைய வடக்கு தெற்காக ஓடுகின்றன. வண்டலூர் கேளம்பாக்கம் சாலை இந்த இரண்டையும் இணைக்கிறது; அதன் நீளம் 20 கி.மீ.க்குள்தான். தெற்கே போகப் போக இடைவெளி கொஞ்சம் கூடும். நடுவில் உள்ள ஊர்ச்சாலைகளை ஏணிப் படிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே வழி மாறினாலும் மேற்கே போனால் ஜி.எஸ்.டி. வரும், கிழக்கே போனால் ஓ.எம்.ஆர். வரும். காலையில் வெயில் முகத்தில் அடித்தால் கிழக்கே போகிறீர்கள். போன் அணைந்துபோனாலும் வீடு திரும்பிவிடலாம்.

கீரப்பாக்கம், நல்லம்பாக்கம் பக்கம் சிறு குன்றுகளும் கொஞ்சம் ஏற்றமும் உண்டு. கல் உடைக்கும் ஆலைகளும் இருப்பதால் வாரநாட்களில் டிப்பர் லாரிகள் வரும், ஞாயிறு காலையில் போங்கள். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரமும் செங்கல்பட்டும் தலா 15 கி.மீ. அளவில் இருக்கின்றன. அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் ஊர்களைச் சுற்றவே பல வாரம் பிடிக்கும். வடக்கே பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் 20 கி.மீ. வழியெல்லாம் சமதளமும் வயலும்தான், போய்ச் சேர்ந்ததும் ஏரியும் டச்சுக் கல்லறையும். மேற்கே திருவள்ளூரிலிருந்து பூண்டி நீர்த்தேக்கம் பக்கம் போகலாம்.

முதல் நாள் மொத்தம் 35 முதல் 40 கி.மீ. போதும். அதில் தெரியாத பாதை 10 கி.மீ.க்கு மேல் வேண்டாம். நல்ல சாலையில் மணிக்கு 20 கி.மீ. போகிறவர் கிராவலில் 12 போவார். முள் எடுப்பது, வழி கேட்பது, திரும்பி வருவது எல்லாம் சேர்த்தால் மணிக்கு 8 என்றுதான் கணக்குப் போட வேண்டும்.

போனில் இருக்கும் வரைபடத்தை நம்பலாமா?

பாதிதான். சென்னையைச் சுற்றி வரைபடம் ஏமாற்றும் இடங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை, தெரிந்துகொண்டால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலாவது ஏரி. செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்ததாக இருந்தால் வறண்ட ஏரிக்குள் மாட்டுவண்டித் தடம் அழகாகத் தெரியும். சில வரைபடங்கள் அதைப் பாதை என்றே காட்டும். டிசம்பரில் போனால் அங்கே ஆள் உயரத் தண்ணீர் நிற்கும். படத்தில் வளைந்த மேடான கோடு ஒன்றும், அதன் ஒரு பக்கம் வெறும் தரையும், மறுபக்கம் கட்டம் கட்டமாக வயல்களும் தெரிந்தால் அந்தக் கோடு ஏரிக்கரை, வெறும் தரை ஏரியின் வயிறு. கணினியில் கூகுள் எர்த் திறந்து பழைய ஆண்டுப் படங்களைப் புரட்டினால் மழைக்காலத்தில் நீர் எதுவரை ஏறுகிறது என்று தெரிந்துவிடும்.

கரையின் மேலேயே போகலாம் என்றால் கலங்கல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிறைந்த ஏரியின் உபரி நீர் வழியும் கல்கட்டு அது. கரைப்பாதை அந்த இடத்தில் அறுந்துவிடும். கோடையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடக்கலாம், நீர் வழியும்போது முடியாது. மதகிலிருந்து வாய்க்காலோடு இறங்கும் பாதைகள் பெரும்பாலும் வயல் வரப்பில் போய் முடியும். வரப்பில் சைக்கிள் ஓட்டாதீர்கள். ஈர வரப்பு உடைந்தால் அந்த விவசாயியின் நீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

இரண்டாவது மனைப்பிரிவு. வயலுக்கு நடுவே கட்டம் கட்டமாக நேர்கோட்டுச் சாலைகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். வாசலில் வளைவு, உள்ளே எல்லைக்கல், தார் போட்ட தெருக்கள் எல்லாம் இருக்கும், கடைசித் தெரு சீமைக்கருவேலம் புதரில் முட்டி நிற்கும். அடுத்த ஊருக்கு வழி இருப்பதாக வரைபடம் சொன்னாலும் நடுவில் கம்பிவேலி இருக்கலாம்.

மூன்றாவது, கடக்க முடியாத கோடுகள்: பாலாறு, ரயில் பாதை, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கி.மீ. நீளும் வெளிவட்டச் சாலை. இவற்றை எங்கே கடப்பது என்பதை முதலில் குறித்துக்கொண்டு, மற்ற வழியைப் பிறகு வரையுங்கள். சுரங்கப்பாதை என்று காட்டும் இடத்தில் மழைக்குப் பின் தண்ணீர் தேங்கியிருக்கும்.

போகும் வழியை ஜிபிஎக்ஸ் (வழித்தடத்தைப் பதிந்துவைக்கும் வகை) கோப்பாகச் சேமித்து, ஆர்கானிக் மேப்ஸ் போன்ற இணையம் வேண்டாத செயலியில் ஏற்றிக்கொள்ளுங்கள். சிக்னல் தேடியே போன் பேட்டரி தீர்வதும் இதனால் குறையும்.

வழியில் யாரிடம், எப்படிக் கேட்பது?

"அண்ணா, இது கீரப்பாக்கம் போகுமா?" என்று கேட்டால் பலரும் தலையாட்டிவிடுவார்கள். "கீரப்பாக்கத்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேளுங்கள், அவர்கள் கையை நீட்டியே ஆக வேண்டும். அடுத்த கேள்வி, "அந்த வழியில டூவீலர் போகுமா?" பால் கேனோடு ஒருவர் தினமும் போகும் பாதை என்றால் உங்கள் சைக்கிளும் போகும். மூன்றாவது, "மழை பெஞ்சா தண்ணி நிக்குமா?"

பால்காரர், மாடு மேய்ப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள் ஆகியோருக்குத்தான் குறுக்குவழி தெரியும். "பக்கத்துலதான்" என்பதைத் தூரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒன்றும் இருக்கலாம், ஆறும் இருக்கலாம். எத்தனை ஊர் தாண்ட வேண்டும் என்று கேட்டால் சரியான விடை கிடைக்கும்.

மைல்கல்லின் தலை நிறமும் வழி சொல்லும். மஞ்சள் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு ஊர்ச்சாலை. ஆரஞ்சுக் கல் கண்ணில் பட்டால் அந்தப் பாதை ஏதோ ஓர் ஊருக்குப் போய்ச் சேரும் என்பது உறுதி.

கிராவல் சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம். பால்காரரின் 28 அங்குல சாதாரண சைக்கிள் இந்தப் பாதைகளில் தினமும் போய் வருகிறது. இந்தப் பக்கம் மலை இல்லாததால் கியர் குறைவாக இருந்தாலும் சமாளிக்கலாம். முக்கியமானது டயரின் அகலம்: 32 மி.மீ. இருந்தால் கிராவல் தாங்கும், 38 முதல் 42 மி.மீ. இருந்தால் சுகம். கடற்கரைப் பக்கம் மணல் அதிகம், அங்கே 2 அங்குல டயரே மேல். 25 மி.மீ. டயர் உள்ள ரேஸ் சைக்கிளை இந்தப் பாதைகளுக்குக் கொண்டுவராதீர்கள். சாலை போடுவதற்காக ஒன்றரை அங்குல ஜல்லியைக் கொட்டிப் பரப்பிவிட்டு மாதக்கணக்கில் அப்படியே விட்டிருப்பார்கள், ரிம் அடிவாங்கும்.

டயருக்கும் போர்க்குக்கும் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை) இடையில், இரு பக்கமும் மேலும், குறைந்தது 6 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். களிமண்ணில் இதன் அருமை தெரியும்.

காற்று எவ்வளவு வைப்பது?

70 கிலோ எடையுள்ளவர், டியூப் உள்ள டயர் என்று வைத்துக்கொண்டால்: 700×32க்கு (சக்கர அளவு × டயர் அகலம்) முன்னே 50, பின்னே 55 முதல் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). 700×40க்கு முன்னே 35, பின்னே 40. 27.5×2.1க்கு முன்னே 26 முதல் 28, பின்னே 30. எடை 10 கிலோ கூடினால் 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைக்குள் மட்டும் இருங்கள்.

காற்றை அதிகம் அடித்தால் ஜல்லியில் சைக்கிள் குதிக்கும், பிடிமானம் போகும். மிகக் குறைத்தால் கல் விளிம்பில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு கீறல் விழும். அப்படி இரட்டைக் கீறல் கண்டால் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், காற்றைக் கூட்டுங்கள்.

ஊர்ப் பஞ்சர் கடையின் கம்ப்ரசர் குழாய் பைக், கார் வால்வுக்குத்தான் பொருந்தும். உங்களுடையது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அடிக்கடி பஞ்சர் ஆகிறது. புது டியூப் போட்டாலும் நூறு மீட்டரில் மறுபடியும் போகிறது. ஏன்?

சீமைக்கருவேலம் முள்தான். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், வேலி என எல்லா இடத்திலும் இருக்கிறது. வேலிக்காக வெட்டிய கிளைகளைப் பாதையில் இழுத்துப் போகும்போது முள் சிதறும். டயரில் ஏறிய முள்ளின் வெளிப்பகுதி ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் ஒளிந்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, புது டியூபில் காற்று ஏறியதும் குத்தும். கோடையில் காய்ந்த தரையில் நெருஞ்சியும் உண்டு. அது சிறியது, ஆனால் ஒரே தடவையில் நாலைந்து ஏறும்.

செய்ய வேண்டியது இது. டயரின் பெயர் அச்சிட்ட இடம் வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டி வையுங்கள். டியூபைக் கழற்றிக் காற்றடித்து, ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். டயரிலும் அதே தூரத்தில்தான் முள் இருக்கும். எந்தப் பக்கம் என்று குழம்பினால் இரு பக்கமும் தேடுங்கள். விரலால் தடவாதீர்கள், பருத்தித் துணியை டயரின் உள்ளே ஒரு சுற்று இழுங்கள், நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள். உள்ளிருந்து நகவெட்டியாலோ சிறு குறடாலோ பிடித்து இழுங்கள். வெளியிலிருந்து தோண்டினால் இன்னும் உள்ளேதான் போகும். ஒன்று கிடைத்ததும் நிறுத்தாமல் முழுச் சுற்றும் பாருங்கள். இரண்டாவது முள்ளை விட்டுவிடுவதுதான் மறு பஞ்சருக்கு முக்கியக் காரணம்.

ஒட்டுப் போடும்போது டியூபை உப்புத்தாளால் மங்கலாகும் வரை தேய்த்து, சொல்யூஷனை ஒட்டைவிடச் சற்று அகலமாக மெல்லப் பூசி, ஐந்து நிமிடம் காய விடுங்கள். பளபளப்பு போன பிறகுதான் ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. சொல்யூஷன் டியூபை ஒருமுறை திறந்தால் சில வாரத்தில் காய்ந்துபோகும், பிரிக்காதது ஒன்று கையிருப்பில் இருக்கட்டும். தானாக ஒட்டும் ஸ்டிக்கர் ஒட்டு வீடு வந்து சேர உதவும், நம்பி விட்டுவைக்கக் கூடாது.

டியூப்லெஸ் வைத்திருப்பவர்கள் 700×40 டயருக்கு 60 முதல் 90 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். நம் ஊர் வெயிலில் அது சீக்கிரம் உலரும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம். முள்ளைப் பொறுத்தவரை இங்கே டியூப்லெஸ்ஸுக்குச் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

மழைக்காலத்தில் போகலாமா?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. செம்மண் கிராவல் பாதை மழை நின்ற மறுநாளே தாங்கும். ஏரியை ஒட்டிய களிமண் பாதை பல நாள் தாங்காது. களிமண் டயரில் ஒட்டி, அதன்மேல் மண் ஒட்டி, போர்க்கிலும் பிரேக்கிலும் அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிடும். அப்போது பெடலை அழுத்தி மிதித்தால் கியர் ஹேங்கர் (பின்கியரைத் தாங்கும் துண்டு) வளையும், இல்லையென்றால் செயின் அறும். இறங்கி, குச்சியால் மண்ணைத் தள்ளி, புல் இருக்கும் ஓரமாகத் தூக்கிப் போங்கள். இருபது மீட்டருக்குள் சக்கரம் நின்றுவிட்டால் முன்னால் உள்ள இரண்டு கிலோமீட்டரும் அப்படித்தான் இருக்கும், திரும்பிவிடுங்கள்.

தரைப்பாலத்தில் கணுக்காலுக்கு மேல் நீர் ஓடினால் இறங்க வேண்டாம். நீர் குறைவாக இருந்தாலும் கான்கிரீட்டில் பாசி படிந்திருக்கும். ஓட்டாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து கடங்கள்.

சாலையில் வைக்கோல் பரப்பியிருந்தால்?

அறுவடை சமயத்தில் கதிரைச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி மணி உதிரும்படி விடுவார்கள். வைக்கோல் பின்சக்கரத்தின் பல்லுக்கும் ஸ்போக்ஸுக்கும் நடுவே சுற்றிக்கொண்டு கியரை இழுத்து முறித்துவிடும். மிதிப்பதை நிறுத்தி, வேகத்தில் உருண்டு கடக்க முயலுங்கள். நீளமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். கடந்ததும் ஒரு நிமிடம் நின்று சிக்கிய தாளைப் பிடுங்கிவிடுங்கள். ஓரமாக நெல் காய்ந்துகொண்டிருந்தால் அதன்மேல் ஏறவே கூடாது, அது ஒரு குடும்பத்தின் சாப்பாடு.

தண்ணீர் எவ்வளவு வேண்டும்?

மணிக்கு 500 முதல் 750 மி.லி. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு லிட்டர்கூட ஆகும். வியர்வையில் உப்பும் போவதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழு ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும். 750 மி.லி. பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் செறிவு கூடி வயிற்றைப் பிரட்டும். வீட்டில் கலப்பதாக இருந்தால் ஒரு லிட்டர் நீருக்குத் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட நீர்மோரும் இளநீரும் வழியில் கிடைக்கும். கோடையில் ஊர்ச்சாலை ஓரம் நுங்கு விற்பவரைக் கண்டால் நின்றுவிடுங்கள்.

பாதித் தண்ணீர் தீர்ந்தால் திரும்ப வேண்டும், பாட்டில் நிரப்பக் கடை இருந்தால் மட்டும் தொடரலாம். கோடையில் ஒன்பது மணிக்கு வீட்டிலோ நிழலிலோ இருங்கள். தலைசுற்றல், குளிர் நடுக்கம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் மிதிப்பதை நிறுத்தி, நிழலில் படுத்து, உடலை நனைத்து விசிற வேண்டும். குழப்பம் வந்துவிட்டால் 108ஐக் கூப்பிடத் தாமதிக்காதீர்கள்.

காற்று எதிர்த்து அடிக்காமல் திட்டமிட முடியுமா?

ஓரளவு முடியும். டிசம்பர், ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது பழவேற்காடு போன்ற வடக்குப் பக்கம் போனால், தெம்பு இருக்கும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் கிடைக்கும். மார்ச், ஏப்ரலில் தெற்கிலிருந்து வரும், அப்போது மாமல்லபுரம் பக்கம் போங்கள். முற்பகல் முடிவதற்குள் கடற்காற்று எழுந்துவிடும் நாட்கள் பல, மேற்கே போய்த் திரும்புகிறவர்கள் அதற்குமுன் வந்துவிடுவது நல்லது.

நாய் துரத்தினால்?

வேகம் எடுக்காதீர்கள். மெதுவாக்கி, இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து நடங்கள். ஊர் நாய் தன் தெரு எல்லை தாண்டியதும் நின்றுவிடும். தண்ணீர் பாட்டிலைப் பீய்ச்சினாலும் பின்வாங்கும். கடித்துவிட்டால், கீறலாக இருந்தாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசியை எல்லாத் தவணையும் முடிக்க வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டுவது கூடாது.

பாம்பு?

சைக்கிளில் போகும்போது ஆபத்து குறைவு, இறங்கிப் புல்லில் கால் வைக்கும்போதுதான் அதிகம். கரையோரப் புதரில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள். கடித்தால் இறுக்கிக் கட்டவோ கீறவோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் 108இல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கே நுழையக் கூடாது?

காப்புக்காடு. வண்டலூர், நன்மங்கலம், திருப்போரூர் செங்கல்பட்டு சாலையோரம் எனப் பல இடத்தில் வனத்துறைப் பலகை இருக்கும். பொதுச் சாலையில் போகலாம், உள்ளே பிரியும் மண்பாதையில் அனுமதியின்றிப் போவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு காட்டு நடைக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. பூண்டி அருகே உள்ள குடியம் குகைக்குப் போக விரும்பினால் வனத்துறை அனுமதியோடு நடந்தே போங்கள்.

கைவிட்ட கல்குவாரிகளில் நீர் தெளிவாக இருக்கும், கரை செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கும். கால் கழுவக்கூட இறங்காதீர்கள். கல்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் காவல் சோதனை உண்டு, அடையாள அட்டை வையுங்கள், படம் எடுக்காதீர்கள். வயல் ஓரம் தாழ்வாக ஓடும் கம்பியைத் தொடவே வேண்டாம். பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சியிருக்கலாம்.

பையில் என்னென்ன?

மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டு, சொல்யூஷன், டயர் லிவர் (டயரை நெம்பிக் கழற்றும் கருவி) இரண்டு, கைப்பம்ப், ஆலன் கீ செட், செயின் கழற்றும் கருவி, உங்கள் செயினுக்கேற்ற இணைப்புக் கண்ணி. அத்துடன் நகவெட்டி, பருத்தித் துணி, நாலு கேபிள் டை, 200 ரூபாய்க்குச் சில்லறை. ஊர்ப் பெட்டிக்கடையில் சிக்னல் இல்லாமல் போன் பணம் போகாமல் நிற்பது சாதாரணம். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் பால் பாக்கெட் உறையை இரண்டாக மடித்து உள்ளே வைத்து ஓட்டி வரலாம்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். முதல் தடவை இருவராகப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு, அதே பாதையில் பிறகு தனியாகப் போவது நல்ல முறை. போனில் நேரலை இருப்பிடத்தை வீட்டாரோடு பகிருங்கள், தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை நிறுவி ஒருமுறை திறந்து பழகிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181. வழி கேட்கக் கோயில் வாசல், ரேஷன் கடை, பால் சேகரிப்பு நிலையம் ஆகிய இடங்களில் நில்லுங்கள், அங்கே காலையில் பெண்கள் இருப்பார்கள். ஆளில்லாத மனைப்பிரிவுகளையும் டாஸ்மாக் கடை இருக்கும் சாலையையும் திட்டத்திலிருந்தே நீக்கிவிடலாம்.

திரும்பி வந்ததும் சைக்கிளுக்கு என்ன செய்ய வேண்டும்?

பழவேற்காடு, கோவளம், முட்டுக்காடு பக்கம் போயிருந்தால் அன்றே நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ஓர் இரவு விட்டாலே செயினில் செந்துரு பூக்கும். ஹப்பிலும் பெடல் அச்சிலும் நீரைப் பீய்ச்சி அடிக்காமல் வாளித் தண்ணீரும் துணியும் பயன்படுத்துங்கள். செயினைத் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். வெளியே எண்ணெய் மிஞ்சினால் செம்மண் ஒட்டி உப்புத்தாள்போலப் பல்லைத் தின்னும்.

மாதம் ஒருமுறை செயினை அளந்து பாருங்கள். ஊசி மையத்திலிருந்து ஊசி மையம் வரை 12 முழுக் கண்ணி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் மாற்றும் நேரம். எட்டில் ஒரு பங்கு கூடிய பிறகு மாற்றினால் பின்பல் செட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரும்.